காக்கர் ஸ்பேனியல் நாய் வீட்டில் இருக்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

"தலையை ஆட்டிக்கிட்டே இருக்கான்." "வீட்டையே ரெண்டு பண்றா." "குளிப்பாட்டி ரெண்டு நாள்தான் ஆச்சு, மறுபடியும் நாத்தம்." காக்கர் வளர்ப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். இந்த இனத்துக்கு வருகிற தொல்லைகளில் முக்கால்வாசி திரும்பத் திரும்ப அதே தொல்லைகள்தான். ஆனால் உடம்பு முழுக்க முடி இருப்பதால் கண்ணுக்குத் தெரியும்போது பாதி முற்றியிருக்கும். அதனால் கீழே உள்ள எந்தச் சோதனையையும் தூரத்தில் நின்று பார்த்துச் செய்ய முடியாது. முடிக்குள் விரலை விட்டுத் தோலைத் தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.

சென்னை, புதுச்சேரி போன்ற ஈரக்காற்று ஊர்களை வைத்து எழுதியிருக்கிறேன். வளர்ந்த இங்கிலீஷ் காக்கர் 12 முதல் 15 கிலோ இருக்கும். அமெரிக்கன் காக்கர் அதைவிடச் சிறியது, முடி இன்னும் அதிகம். சோதனைகள் இரண்டுக்கும் ஒன்றுதான்.

இவற்றில் ஒன்று இருந்தால் மேலே படிக்க வேண்டாம், டாக்டரிடம் கிளம்புங்கள்

- மூக்கில் ரத்தம் வருகிறது, அல்லது ஈறு வெளுத்திருக்கிறது
- சிறுநீர் கரும்பழுப்பாகவோ ரத்தச் சிவப்பாகவோ போகிறது
- சிறுநீர் கழிக்க முக்குகிறது, வரவில்லை
- ஒரு கண் திடீரெனச் சிவந்து, மேலே மங்கலாகி, திறக்கவே மறுக்கிறது
- தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருக்கிறது, தள்ளாடுகிறது, வட்டமடிக்கிறது
- வாந்தி நிற்கவில்லை; முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி நிற்கிறது
- வெயிலில் இருந்து வந்தபின் மூச்சிரைப்பு அடங்கவில்லை, கெட்டியாக எச்சில் வழிகிறது

கடைசியாகச் சொன்ன வெயில் பிரச்சினைக்கு மட்டும் முதல் வேலை வீட்டிலேயே. உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணீரை ஊற்றி, ஃபேனுக்கு நேரே வையுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி விடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். ஐஸ் தேடி நேரம் கடத்த வேண்டாம். குளிரவைத்துக்கொண்டே வண்டியில் ஏற்றுங்கள்.

இன்னொன்று. காய்ச்சல் என்றோ வலி என்றோ மனிதர் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எல்லாமே நாயின் ஈரலையோ சிறுநீரகத்தையோ வயிற்றையோ பதம் பார்க்கும்.

அறிகுறி: தலையை ஆட்டுகிறது, காதைச் சொறிகிறது, காதில் நாற்றம்

காக்கருக்கு இதுதான் தலையாய தொல்லை. நீண்டு தொங்கும் காது, உள்ளே முடி, மெழுகு சுரப்பது அதிகம், வெளியே கடற்கரை ஊரின் ஈரம். நான்கும் சேர்ந்தால் காதுக்குள் காற்றே போகாது.

காலை வெளிச்சத்தில் வாசல் பக்கம் உட்காரவைத்துக் காது மடலைப் புரட்டுங்கள். முதலில் முகருங்கள், பிறகு பாருங்கள். இரண்டு காதையும் ஒப்பிடுங்கள். அதற்குப் பிறகு கீழே உள்ளவற்றில் எது பொருந்துகிறது என்று பாருங்கள்.

*நடந்து வந்தவுடன் தொடங்கியது, ஒரே காது மட்டும்.* ஊசிப்புல் விதையோ உண்ணியோ உள்ளே போயிருக்கும். மடலின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரிந்தால் எடுத்துவிடலாம். தெரியவில்லை என்றால் எதையும் உள்ளே விட்டுத் துழாவ வேண்டாம். புல் விதையின் முள் ஒரே திசையில்தான் நகரும், துழாவினால் இன்னும் உள்ளே போகும். அன்றோ மறுநாளோ டாக்டரிடம் காட்டினால் காது பார்க்கும் கருவியோடு எடுத்துவிடுவார்.

*வெளிர் பழுப்பில் கொஞ்சம் மெழுகு, வாடை இல்லை, சிவப்பு இல்லை.* இது நோயே இல்லை, சுத்தம் செய்தால் போதும். நாய்க் காதுக்கென்றே விற்கும் திரவத்தைக் காதுக்குள் நிரம்ப ஊற்றுங்கள். நுனியில் இரண்டு சொட்டு விடுவதில் பயன் இல்லை. காதின் அடிப்பகுதியில், தாடை தொடங்கும் இடத்தில், குழாய் மாதிரி கெட்டியாக ஒன்று விரலில் தட்டுப்படும். அதைப் பிடித்து அரை நிமிடம் பிசையுங்கள். 'சளக் சளக்' என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் திரவம் உள்ளே போகவில்லை. விட்டுவிட்டால் நாயே தலையை உதறி அழுக்கை மேலே கொண்டுவரும். மேலே வந்ததை மட்டும் பஞ்சால் துடையுங்கள். பட்ஸ் வேண்டாம். நாயின் காதுக்குழாய் கீழே இறங்கிப் பிறகு உள்பக்கம் திரும்புகிறது. பட்ஸ் விட்டால் அழுக்கை அந்தத் திருப்பத்தில் கொண்டுபோய் அடைத்துவிடும். நல்ல காதுக்கு வாரம் ஒரு முறை அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். தினமும் கழுவினாலும் காது புண்ணாகும்.

*கரும்பழுப்புப் பசை, புளித்த வாடை, மடலின் உட்புறம் சிவந்து சூடாக இருக்கிறது.* பெரும்பாலும் ஈஸ்ட் தொற்று. இதற்கு வீட்டில் மருந்து கிடையாது. வெதுவெதுப்பான எண்ணெய், பூண்டு காய்ச்சிய எண்ணெய், ஹைட்ரஜன் பெராக்ஸைடு எதையும் ஊற்றாதீர்கள். ஈரத்தில் வளரும் தொற்றுக்கு எண்ணெய் ஒரு மூடி போட்ட மாதிரி ஆகிவிடும். டாக்டர் காதிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். பார்க்காமலே சொட்டு மருந்து எழுதினால், பார்த்துவிட்டு எழுதச் சொல்லிக் கேளுங்கள். ஈஸ்டா பாக்டீரியாவா என்பதைப் பொறுத்து மருந்து மாறும்.

*மஞ்சள் அல்லது பச்சைச் சீழ், தொட்டாலே கத்துகிறது.* பாக்டீரியா. முன்பே சொட்டு மருந்து போட்டும் திரும்பி வந்திருந்தால் எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை தேவை. நீங்களாகத் திரவம் ஊற்ற வேண்டாம். செவிப்பறை கிழிந்திருக்கலாம்.

*காபித்தூள் போல உலர்ந்த கறுப்புத் துகள், புதிதாக வாங்கி வந்த குட்டி.* காதுப் பூச்சி. வீட்டில் உள்ள மற்ற நாய், பூனைக்கும் சேர்த்து மருந்து போட்டால்தான் தீரும்.

*காது மடல் உப்பி மெத்தென்று இருக்கிறது.* தலையை உதறி உதறி உள்ளே ரத்தக்குழாய் உடைந்து ரத்தம் கட்டியிருக்கிறது. ஊசியால் குத்த வேண்டாம். டாக்டர் ரத்தத்தை எடுத்துவிட்டு, உதறலுக்குக் காரணமான காதுத் தொற்றையும் கவனிப்பார். இரண்டாவதை விட்டால் மடல் மறுபடி உப்பும்.

காது சரியாகிறது, ஆனால் மாதம் தவறாமல் திரும்பி வருகிறது

டாக்டரை மாற்றுவதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் தண்ணீர்க் கிண்ணம். காக்கர் தண்ணீர் குடிக்கும்போது காது நுனி கிண்ணத்துக்குள் ஊறும். தயிர்சாதம் சாப்பிட்டு முடித்த காக்கரின் காது நுனியைத் தொட்டுப் பாருங்கள்: முடி முடியாகத் திரிந்து, பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருக்கும். அது அப்படியே காது வாயை மூடிப் படுக்கும். வாய் குறுகிய, ஆழமான கிண்ணத்துக்கு மாற்றுங்கள், காது வெளியே விழும். சாப்பிடும் நேரத்தில் காதைத் தலைக்கு மேல் தூக்கித் துணிப்பட்டையால் தளர்வாகக் கட்டலாம்.

அடுத்து முடி. மடலின் உட்புறத்தையும் காது வாயைச் சுற்றியும் ஒட்ட வெட்டச் சொல்லுங்கள். மடலின் மேல் மூன்றில் ஒரு பங்கையும் குட்டையாக்கினால் காது எடை குறைந்து காற்று புகும். குளித்தபின் காதுக்குள்ளும் துடைத்து உலர்த்துவது அதே அளவு முக்கியம்.

மூன்றாவது, மருந்தைப் பாதியில் நிறுத்துவது. வாடை போனதும் நிறுத்திவிடுகிறோம். உள்ளே கிருமி இருக்கும். டாக்டர் மறுபடி ஸ்லைடு பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் நிறுத்த வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வருடத்துக்கு மூன்று முறை வந்தால் அது பெரும்பாலும் வெறும் காது நோய் அல்ல, ஒவ்வாமை காதில் தெரிகிறது. பாதத்தை நக்குவதும் வயிற்றைச் சொறிவதும் பல நேரம் கூடவே இருக்கும். உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க ஒரே வழி, எட்டு வாரமாவது டாக்டர் சொன்ன ஒரே உணவைத் தவிர வேறு எதையும் கொடுக்காமல் இருப்பது. பாட்டி கொடுக்கும் அரை பிஸ்கட்டும் கணக்கில் சேரும். வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்டால் மட்டும் தொடங்குங்கள்.

வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் காதுக்குழாய் தடித்து, கெட்டியாகி, மூடியே போகும். அந்த நிலையில் குழாயையே அகற்றும் அறுவை சிகிச்சைதான் மிச்சம். அதிகம் செலவாகும், கேட்கும் திறனும் பெரும்பாலும் போகும். காக்கர்கள் அந்த மேசைக்குப் போவது மற்ற இனங்களைவிட அதிகம் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அறிகுறி: சோர்வு, சாப்பிடவில்லை, உடம்பு சுடுகிறது

நம் ஊரில் இதைக் கேட்டதும் முதலில் தேட வேண்டியது உண்ணி. காக்கரின் முடிக்குள் உண்ணி இருப்பது வெளியே தெரியாது. காது மடலின் உட்புறம், கால் விரல் இடுக்கு, பெல்ட்டுக்கு அடியில், அக்குள், தொடையிடுக்கு, வாலின் அடி. இந்த ஆறு இடத்திலும் விரல் நுனியால் தடவுங்கள். கடுகளவு கட்டி தட்டுப்பட்டால் முடியை விலக்கிப் பாருங்கள்.

உண்ணி கிடைத்தால் தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து, திருகாமல், நேராக, நிதானமாக இழுங்கள். கையால் நசுக்க வேண்டாம். சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போடுங்கள். மண்ணெண்ணெய் தடவுவது, பத்தி வைத்துச் சுடுவது இரண்டும் நாய்க்குத்தான் புண்.

உண்ணி ஒன்றுகூட அகப்படவில்லை என்பதால் உண்ணிக் காய்ச்சல் இல்லை என்று ஆகிவிடாது. கடித்து விழுந்து நாளாகியிருக்கலாம். அடுத்த இரண்டு சோதனையையும் செய்யுங்கள்.

டிஜிட்டல் தெர்மாமீட்டரில் வாசலைன் தடவி ஆசனவாயில் வையுங்கள். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இயல்பு. நமக்குக் காய்ச்சலாகத் தெரிகிற எண் அதற்கு ஆரோக்கியம். 103-ஐத் தாண்டினால் காய்ச்சல்.

உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். பல காக்கர்களுக்கு ஈறே கறுப்பாக இருக்கும்; அப்படியானால் கீழ் இமையை லேசாக இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். வயிற்றுத் தோலில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி இருக்கிறதா என்றும் பாருங்கள். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு (பிளேட்லெட்) குறைந்ததற்கு அது அடையாளம்.

*காய்ச்சல் இல்லை, ஈறு நன்றாக இருக்கிறது, ஒரு வேளை மட்டும் சாப்பிடவில்லை.* ஒரு நாள் கவனிக்கலாம். கத்திரி வெயிலில் பல நாய்கள் மதியச் சாப்பாட்டை விட்டுவிடும்.

*காய்ச்சல் இருக்கிறது, அல்லது இரண்டாவது நாளும் சாப்பிடவில்லை.* ரத்தப் பரிசோதனை. தட்டணு எண்ணிக்கையோடு முழு ரத்தக் கணக்கும், ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்ப்பதும் சேர்ந்தே வேண்டும். உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற பாக்டீரியா என்றால் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் சுமார் 28 நாள் போகும், சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். மூன்றாம் நாளே ஓடியாடத் தொடங்கிவிடும். அப்போது மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்குத்தான் சில மாதம் கழித்து அதே நோய் மோசமாகத் திரும்பி வருகிறது. உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான பேபிசியா என்றால் டாக்ஸிசைக்ளின் மட்டும் போதாது, அதற்கு மருந்து வேறு.

*ஈறு வெளுப்பு, மஞ்சள், சிறுநீர் கரும்பழுப்பு.* அவசரம். பேபிசியாவாக இருக்கலாம். மழைக்காலத்தில் எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் நடந்த நாய்க்கு லெப்டோஸ்பைரோசிஸாக இருக்கலாம், அது மனிதருக்கும் தொற்றும். சிறுநீரைக் கையுறையோடு துடையுங்கள். காக்கர்களுக்கு உடலே தன் சிவப்பணுக்களை அழிக்கும் நோயும் வரும், வெளியே பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ரத்தம் ஏற்ற வசதியுள்ள இடத்துக்கே நேராகப் போங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பெரிய இடம்.

நாய்க்கு மருந்து போட்டும் உண்ணி குறையவில்லை

உண்ணி வாழ்நாளில் பெரும்பகுதி நாய் மேல் இருப்பதில்லை, உங்கள் சுவரில் இருக்கிறது. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சுவர் விரிசல், கதவு நிலை, பால்கனி மூலை, திரைச்சீலை மடிப்பு, நாய்ப் படுக்கையின் தையல் ஆகிய இடங்களை டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசலைச் சிமெண்டால் அடைப்பது பாதி வேலை. பூச்சிமருந்து அடிப்பவர் வந்தால் முட்டை பொரிக்கும் இடைவெளி விட்டு இன்னொரு முறை அடித்தால்தான் பலன். அடித்து உலரும்வரை நாயை வீட்டுக்குள் விடக் கூடாது.

முதுகில் சொட்டாக விடும் மருந்து என்றால் குளிப்பாட்டுவதற்கும் அதற்கும் இரண்டு நாள் இடைவெளி இருந்ததா என்று யோசியுங்கள். மாத்திரை என்றால் உண்ணி கடித்த பிறகுதான் சாகும், எனவே நாய் மேல் உண்ணி தெரிவதால் மருந்து பொய் என்று ஆகாது. வலிப்பு வந்த நாய்க்கு அந்த மாத்திரை கொடுக்கும் முன் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் கலக்கிக் குளிப்பாட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். நாய் தன் முடியை நக்கும், விஷம் உள்ளே போகும்.

அறிகுறி: ஓரிடத்தில் நிற்பதில்லை, செருப்பு, சோஃபா, சுவர் எல்லாம் கடி

*வயது நான்கிலிருந்து ஆறு மாதம்.* பல் முளைக்கிறது. ஈரத்துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கண் முன்னே கடிக்கக் கொடுங்கள். செருப்பை எடுத்து உள்ளே வையுங்கள். இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

*வளர்ந்த நாய், தினமும் அரை மணி நேரம் நடக்கிறது, ஆனாலும் அடங்கவில்லை.* எப்படி நடக்கிறது என்று பாருங்கள். காலோடு ஒட்டி, கயிற்றை இறுக்கிப் பிடித்து, குடியிருப்பைச் சுற்றி நாலு ரவுண்டு என்றால் காக்கருக்கு அது நடையே இல்லை. புதருக்குள் மூக்கை நுழைத்து, ஒளிந்திருக்கும் பறவையைக் கிளப்பி, சுட்டு விழுந்ததை எடுத்து வருவதற்காக இங்கிலாந்தில் உருவான இனம் இது. பெயரில் உள்ள காக்கரே உட்காக் என்ற காட்டுப் பறவையிலிருந்து வந்ததுதான். கால் ஓய்ந்தாலும் மூக்கு ஓயாது.

கயிற்றை நீளமாக்குங்கள். மோப்பம் பிடிக்க நிற்கும் இடத்திலெல்லாம் நில்லுங்கள். தூரம் பாதியாகும், நாய் இரட்டிப்பாகக் களைக்கும். மொத்தத்தில் நாளைக்கு ஒரு மணி நேரமாவது வெளியே வேண்டும், காலை மாலை என்று பிரித்து. மே மாதத்தில் காலை ஆறரைக்குள் வீடு திரும்புங்கள். புறங்கையைத் தார்ச் சாலையில் ஏழு நொடி வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது.

வெளியே போக முடியாத மழை நாளுக்கு: காலை உணவைக் கிண்ணத்தில் வைக்காதீர்கள். பழைய கம்பளத்தில், மிதியடியின் முடிச்சுகளில், கவிழ்த்த டப்பாவுக்கு அடியில் ஒளித்துவைத்து "தேடு" என்று விடுங்கள். கால் மணி நேரம் வாலை விசிறியபடியே மூக்கால் வீட்டைப் பெருக்கிவிட்டு வந்து படுக்கும். பந்து எறிந்து எடுத்துவரச் செய்வதும் நல்லதுதான், ஆனால் அதை மட்டுமே செய்தால் இன்னும் கிளர்ச்சியாகும் நாய்களும் உண்டு.

*நீங்கள் இல்லாதபோது மட்டும் கடி, குரைப்பு, கதவைப் பிறாண்டல்.* போனை வைத்து வீடியோ எடுங்கள். அரை மணி நேரம் தூங்கிவிட்டுப் பிறகு கடித்தால் சலிப்பு. மேலே சொன்னது போதும். கதவு மூடிய நொடியிலிருந்து ஊளையிட்டு, எச்சில் ஒழுகி, நகம் பெயரப் பிறாண்டினால் அது பிரிவுப் பதற்றம். கூண்டில் பூட்டினால் பல் உடையும் அளவுக்குப் போகும். டாக்டரும், அடிக்காமல் பழக்கும் பயிற்சியாளரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை அது.

*இதுவரை சாதுவாக இருந்தது, திடீரென அமைதி இழந்தது.* காதைப் பாருங்கள்.

அறிகுறி: குளிப்பாட்டியும் நாற்றம்

மறுபடி குளிப்பாட்ட வேண்டாம். நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று மூக்கை வைத்துக் கண்டுபிடியுங்கள்.

*வாய்ப் பக்கம்.* பல்லைப் பார்ப்பதற்கு முன் கீழ் உதட்டைப் பாருங்கள். கோரைப்பல்லுக்குப் பின்னால் உதடு மடிந்திருக்கும் இடத்தை விரித்தால், எச்சிலில் ஊறிப் பழுப்பேறிய முடியும் சிவந்த தோலும் இருக்கும். ஸ்பேனியல் வளர்க்கும் பலருக்கு இப்படி ஒரு மடிப்பு இருப்பதே தெரியாது. அந்த முடியை வெட்டி, டாக்டர் சொல்லும் அளவில் நீர்த்த குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினியில் நனைத்த பஞ்சால் துடைத்து, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் உலர்த்துங்கள். ஒரு வாரத்தில் குறையவில்லை என்றால் மருந்து தேவை. உதடு சுத்தமாக இருந்தால் பல் காறை. மயக்கம் கொடுத்துச் சுத்தம் செய்ய வேண்டிவரும்.

*பின்பக்கம், மீன் வாடை, தரையில் தேய்த்து நகர்கிறது.* ஆசனவாய்ச் சுரப்பி நிறைந்திருக்கிறது. டாக்டரிடம் காலி செய்துகொள்ளுங்கள். பக்கத்தில் சிவந்த வீக்கம் இருந்தால் சீழ், தள்ளிப்போட முடியாது.

*பாதம்.* விரல் இடுக்கு முடியை வெட்டி, மழையில் நடந்துவந்ததும் துண்டால் ஒவ்வொரு இடுக்கையும் ஒற்றி எடுங்கள்.

*உடம்பு முழுக்க, தோல் எண்ணெய்ப்பிசுக்கு, செதில்.* காக்கருக்கே உரிய தோல் கோளாறாக இருக்கலாம். மருந்து ஷாம்பூ எழுதிக் கொடுத்தால் தேய்த்துவிட்டுப் பத்து நிமிடம் அப்படியே விட வேண்டும். உடனே கழுவினால் காசுதான் போகும். சிகைக்காயோ நம் ஷாம்பூவோ நாய்த் தோலுக்குச் சரிப்படாது.

அறிகுறி: முடி சடையாகிவிட்டது

சடையோடு குளிப்பாட்டினால் இன்னும் இறுகும். முதலில் விரலால் பிரித்து, நுனியிலிருந்து அடி நோக்கிப் பிரஷ் போட்டு, கடைசியில் சீப்பு. சீப்பு தோல்வரை தடையின்றி இறங்கினால்தான் சுத்தம். காதுக்குப் பின்னால், அக்குள், பெல்ட்டுக்கு அடி, பின்தொடை இவை நான்கும் சடை கட்டும் இடங்கள். வாரம் மூன்று நாளாவது சீப்பு போட்டால் இந்த நிலை வராது.

பிரியாத சடையைக் கத்தரியால் வெட்டாதீர்கள். தோல் சடைக்குள் இழுபட்டிருக்கும், தையல் போடும் அளவுக்கு வெட்டுப்படும். சடைக்கு அடியில் சீப்பை நுழைத்து, அதற்கு மேலே வெட்டலாம்; சீப்பு நுழையவில்லை என்றால் கிளிப்பரோடு முடி வெட்டுபவரிடம் போங்கள். வெயில் காலத்தில் "மொட்டை அடிச்சிடுங்க" என்று சொல்லாதீர்கள். வயிறு, அக்குள், தொடையிடுக்கு, பாதம், காது உட்புறம் எல்லாம் ஒட்ட வெட்டட்டும். முதுகை ஒட்ட மழித்தால் வெயில் தோலில் நேராக இறங்கும், திரும்பி வரும் முடியும் பல நாய்களுக்குப் பஞ்சுபோல வந்து இன்னும் சடையாகும்.

அறிகுறி: எடை ஏறுகிறது, அல்லது இறங்குகிறது

முடியால் எடையும் தெரியாது. விலாவில் விரலைப் படுக்கவைத்துத் தடவினால், நீட்டிய புறங்கையில் எலும்புகளைத் தடவுவதுபோல் விலா எலும்பு லேசாகத் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் குண்டு.

சாப்பாட்டைவிட முதலில் டீ நேரத்து பிஸ்கட்டை நிறுத்துங்கள். காக்கரின் கெஞ்சும் பார்வைக்கு வீட்டில் ஆளுக்கொரு பிஸ்கட் போகும், யாரும் கணக்கு வைப்பதில்லை. எல்லாவற்றையும் காலையில் ஒரு டப்பாவில் அளந்து வைத்து, அதிலிருந்து மட்டும் கொடுங்கள். பிரியாணி மிச்சம், கோழித் தோல் கூடாது; கணைய அழற்சி இந்த இனத்துக்குச் சுலபமாக வரும். அளந்து கொடுத்தும் இரண்டு மாதத்தில் குறையவில்லை, முடி இரு பக்கமும் ஒரே மாதிரி உதிர்கிறது, எப்போதும் படுக்கை என்றால் தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு வயதுக்குள் எடை இறங்கி, தண்ணீர் நிறையக் குடித்தால் சிறுநீரகப் பரிசோதனை தேவை. இங்கிலீஷ் காக்கருக்குப் பரம்பரையாக வரும் சிறுநீரக நோய் ஒன்று அந்த வயதில்தான் தலைகாட்டும்.

அறிகுறி: யாராவது வந்தால் நின்ற இடத்திலேயே சிறுநீர்

குட்டி என்றால் பரவசம், பெரும்பாலும் வளர வளரப் போய்விடும். திட்டினால் கூடும். விருந்தாளியைக் கண்ணைப் பார்க்காமல், குனிந்து தொடாமல் உள்ளே வரச் சொல்லுங்கள். நாய் அடங்கியபின் பக்கவாட்டில் உட்கார்ந்து கை நீட்டட்டும். வளர்ந்த நாய்க்குப் புதிதாகத் தொடங்கினால், அல்லது தூங்கும் இடத்தில் ஈரம் இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை.

அறிகுறி: பொருளை எடுத்துக்கொண்டு உறுமுகிறது

சாக்ஸோ ரிமோட்டோ வாயில் இருக்கும்போது துரத்தாதீர்கள். துரத்தினால் விழுங்கும், குடல் அடைத்து அறுவை சிகிச்சை வரை போகும். அதற்குப் பிடித்ததாக வேறொன்றை, ஒரு துண்டு வேகவைத்த கோழியை, இரண்டடி தள்ளிப் போடுங்கள். அது போன பிறகு பொருளை எடுங்கள். எடுத்து வருவது இதன் ரத்தத்தில் உள்ள வேலை. கொண்டுவந்து கொடுத்தால் லாபம் என்று பழக்கிவிட்டால் ஒளிக்காது.

உறுமலுக்காக அடிக்காதீர்கள். உறுமுவதை நிறுத்திவிட்டு நேரே கடிக்கும் நாயாகிவிடும். தோல் கிழியக் கடித்திருந்தால், அல்லது வீட்டில் சிறு குழந்தை இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் முழு உடல் பரிசோதனை, பிறகு பயிற்சியாளர். கடிபட்டவர் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும், நாய் தடுப்பூசி போட்டதாக இருந்தாலும்.

அறிகுறி: கண்ணில் கோளாறு

*இமை ஓரத்தில் காலையில் கொஞ்சம் பீளை, கண் தெளிவு.* கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும்.

*கெட்டியான, பிசின் போன்ற பீளை தினமும் வருகிறது, கண் பளபளப்பு குறைந்திருக்கிறது.* கண்ணீர் சுரப்பு வற்றியிருக்கலாம். இமைக்குள் சின்னத் தாளை ஒரு நிமிடம் வைத்துப் பார்க்கும் எளிய சோதனை உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். மருந்து ஆயுள் முழுக்கப் போட வேண்டும், போட்டால் பார்வை தங்கும்.

*உள்மூலையில் சிவப்பாகச் சதை பிதுங்கியிருக்கிறது.* மூன்றாம் இமையின் சுரப்பி வெளியே வந்திருக்கிறது. வெட்டி எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்தச் சுரப்பிதான் கண்ணீரில் ஒரு பங்கைத் தருகிறது. உள்ளே வைத்துத் தைக்கத் தெரிந்தவரிடம் போங்கள்.

*பகலில் சரியாக நடக்கிறது, இருட்டில் படியிறங்கத் தயங்குகிறது.* மாலையில் கூடத்து விளக்கை மங்கலாக்கி, வழக்கமான வழியில் ஒரு நாற்காலியை நகர்த்தி வைத்துக் கூப்பிடுங்கள். முட்டினால் விழித்திரை மெல்ல அழியும் பரம்பரை நோயைச் சந்தேகிக்க வேண்டும். வலிக்காது, சிகிச்சையும் கிடையாது. கண் மருத்துவம் பார்க்கும் கால்நடை மருத்துவர் உறுதி செய்வார், காக்கரில் இதற்கு மரபணுச் சோதனையும் இருக்கிறது. உறுதியானால் அந்த நாயை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள், குட்டியை வாங்கிய இடத்துக்கும் தகவல் சொல்லுங்கள். வீட்டில் மேசை நாற்காலியை இடம் மாற்றாமல் வைத்து, படி முனையிலும் பால்கனி வாசலிலும் கதவு போட்டு, கயிற்றோடு மட்டும் வெளியே அழைத்துப் போனால், மூக்கை நம்பியே அது நன்றாக வாழ்ந்துவிடும்.